கட்டாமல் விட்ட கடைசி வரி

இடது கை பின்னல் ஊசியில் கண்ணியைத் தள்ளிக் கொடுத்தது. வலது கை நூலைச் சுற்றி இழுத்தது. கண் பார்க்கத் தேவையில்லாத வேலை. இருபது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய கறை விரல் நுனிகளில் வெளுத்துப்போய், நகத்தின் ஓரத்தில் மட்டும் கறுப்புக் கோடாகத் தங்கியிருந்தது. வரி முடிந்ததும் கைகள் நின்றன. ஊசியோடு சேர்த்து நீலச் சுவெட்டரைச் சுருட்டிச் சீலைப் பைக்குள் வைத்தன. பையைச் சுவரில் இரண்டாவது ஆணியில் மாட்டிவிட்டு, மூன்றாவது ஆணியில் தொங்கிய பையை எடுத்தன.

சுவரில் ஐந்து ஆணி, ஐந்து பை. எதிலும் முடிந்த வேலை இல்லை. மலைக்குப் போகும் இராமையாவின் பழுப்புச் சுவெட்டர் ஒன்றில். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வேண்டிய நீலச் சுவெட்டர் ஒன்றில். கிளார்க்கர் வீட்டு டீவிக்கு மேலே போடும் வெள்ளை விரிப்பு, கொக்கி ஊசி செருகியபடி ஒன்றில். கோயில் பூசாரிக்கு ஒரு சால்வை, பாதியில். ஐந்தாவது பை மட்டும் வேறு மாதிரி. அதை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு, புகை படாத மூலையில் மாட்டியிருந்தது.

ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதுதான் பின்னுகிறவர்கள் வழக்கம். பூரணியின் வழக்கம் அப்படியில்லை. எல்லாவற்றையும் கடைசி வரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். தொழிலாளர் வீட்டு வரிசையான அந்த லயத்தில் அவளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. தோட்டத்து ரோட்டைக்கூட ஒரு நாள் போட்டு முடித்துவிடுவார்கள், பூரணி வேலை முடியாது என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் சின்னது. துணி ஊசியில் இருக்கும்வரை அதற்கு உரியவர்கள் கதவைத் தட்டுவார்கள். அளவு பார்க்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை, முடிந்ததா என்று கேட்க இரண்டு மூன்று தடவை. முடிந்து கையில் கொடுத்துவிட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதோடு சரி. போன வருடம் தெரியாத்தனமாக, அப்போது கையில் இருந்த ஐந்தையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு நாள் யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பக்கத்து லயத்து நாய் வாசலில் வந்து நின்றபோது, அதனிடம் பேச ஆரம்பித்து, தன் குரல் கரகரத்திருப்பதைக் கேட்டுத் தானே வாயை மூடிக்கொண்டாள்.

அவள் பிறந்தது லயத்தின் கடைசி வீடான இதே காம்பராவில்தான். பதினெட்டு வயதில் தோட்டத்தில் கொழுந்து வேலைக்குப் பேர் பதிந்தது. ஆறு வருடத்துக்கு முன் மழையில் மேல் மலையிலிருந்து கூடையோடு சறுக்கி விழுந்து இடுப்பு பிசகியது; அதோடு வேலை போயிற்று. கலியாணப் பேச்சு இரண்டு வந்து, அம்மா படுக்கையில் கிடந்ததால் இரண்டும் தள்ளிப்போய், அம்மா போன பிறகு வரவே இல்லை. தம்பி வைரவன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் குடும்பத்தோடு இருக்கிறான். அங்கே வரச் சொல்லி அழைத்துப்போனான். ஒரு மாதம் இருந்தாள். அவள் படுத்த அறையின் ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டுச் சுவர் இருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

பின்னல் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நுவரெலியாவில் பழைய உடுப்பு விற்கிற கடையில் கை கிழிந்த வெளிநாட்டுச் சுவெட்டர் ஒன்றை வாங்கி வந்து, வரி வரியாகக் கழற்றிப் பார்த்தாள். நூல் எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பின்னினாள். கோணலாக வந்தது. கழற்றினாள். உடைந்த குடையின் கம்பிகளைச் சிமெந்துத் தரையில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டு, ஒரு மாரிக்காலம் முழுக்க அந்த ஒரே சுவெட்டரைப் பின்னிக் கழற்றிப் பின்னினாள். நாலாவது தடவை கடையில் வாங்கியது போலவே வந்தது. இன்றைக்கும் அவள் பின்னலில் ஒரு கண்ணி தளர்ந்து ஒரு கண்ணி இறுகி இருக்காது.

பிரேமினி வந்தது ஆவணி மாதம். மூன்று காம்பரா தள்ளி இருப்பவள், பிள்ளைக்காம்பராவில் வேலை. காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். புருஷன் நிரோஷன் கொழும்பில் இரும்புக் கடையில்; மாதம் ஒருமுறை வருவான். நாலு மாத வயிற்றோடு வந்து, பிள்ளைக்கு ஒரு கோட்டுப் பின்னித் தர முடியுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு மற்றவர்களைப் போல வாசலிலேயே நிற்காமல் உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்குப் பிறகு பின்னேரம் நாலு மணியானால் பூரணி இரண்டு கோப்பை எடுத்து வைக்கத் தொடங்கினாள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தபடி பிரேமினி அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் யார் யாரைக் கடித்தது என்று சொல்வாள். பூரணியின் கை வெள்ளை நூலில் ஓடும். நல்ல நூல் அது. நோர்வூட் பஜாரில் செல்லசாமி கடைக்கு வந்த எட்டுப் பந்தையும் வாங்கியிருந்தாள். கன்னத்தில் வைத்தால் நூல் என்றே தெரியாது.

பிறக்கப்போகிற பிள்ளைக்கு எதையும் முழுதாகச் செய்து வைக்கக் கூடாது என்பது லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டிலுக்குச் சீலை கிழித்து வைப்பார்கள், கரை மடித்துத் தைக்கமாட்டார்கள். பின்னலில் அது கடைசி வரியைக் கட்டாமல் விடுவது. கோட்டு கழுத்துவரை ஏறி, கண்ணிகள் ஊசியிலேயே நிற்க வேண்டும். பிள்ளை பிறந்த சேதி வந்த பிறகுதான் ஒவ்வொரு கண்ணியாக இறக்கி முடிச்சுப் போடுவது. பூரணிக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. இந்த ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருப்பதற்கு அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் பிரேமினி, நிரோஷன் கொழும்பில் அறை பார்த்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் இறம்பொடையில் அம்மா வீடு, அங்கிருந்து நேரே கொழும்பு. பூரணி நல்லதுதானே என்றாள். கையில் இருந்த வரியில் ஏழு கண்ணி விழுந்ததைப் பிரேமினி போன பிறகுதான் பார்த்தாள்.

மறுநாள் அவள் ஒரு யோசனையோடு இருந்தாள். பிறந்த பிள்ளை அளவுக்குப் பின்னினால் ஒரு மாதத்தில் பத்தாமல் போய்விடும், கோட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைக்கிறேன் என்றாள்.

"சித்திரை வருசப் பொறப்புக்கு வருவீங்கல்ல, அப்ப வந்து எடுத்துக்க. புள்ளைக்குப் போட்டுப் பார்த்துத்தான் கழுத்தைக் கட்டணும்."

"அதுக்குன்னே வர்றேன்க்கா," என்றாள் பிரேமினி.

அன்றிலிருந்து தலையணை உறைக்குள் இருந்தது வெறும் கோட்டு இல்லை. பிரேமினி திரும்பி வருவாள் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மார்கழி பிறக்கும் முன்பே, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் நிரோஷன் போன் பண்ணினான். முதல்நாள் பொழுதுபோய் பிரேமினிக்கு வலி எடுத்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பெண் பிள்ளை. எட்டு மாதம் நிறையவில்லை. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தாய் நெஞ்சோடு ஒட்டிக் கட்டி வைத்திருக்கிறார்கள். தலையும் காலும் குளிரக் கூடாது என்று நர்ஸ் மிஸ் சொன்னாராம். டவுன் கடையில் வாங்கிய தொப்பி பிள்ளைக்கு மூக்குவரை இறங்குகிறது.

"அக்கா, நீங்க பின்னி வச்சிருக்கிறது ஏதாவது..."

"அது பெருசு," என்றாள் பூரணி. "தலை சுத்தளவு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு."

இருபத்தொன்பது சென்ரிமீற்றர் என்று வந்தது. அளவு நாடாவை வட்டமாக வளைத்துப் பார்த்தாள். நம்ப முடியவில்லை. வீட்டில் இருந்த ஒவ்வொன்றாக நாடாவால் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த சின்னச் செம்பை எடுத்தாள். அதன் வயிறு இருபத்தொன்பது. ஒரு கையில் அடங்கியது.

வீட்டில் நூல் இருந்தது. பள்ளிக்கூட நீலம், இராமையாவின் பழுப்பு. இரண்டும் மொரமொரப்பு, பெரியவர்களே சட்டைக்கு மேலேதான் போடுவார்கள். விரிப்புக்கு வைத்த பருத்தி நூல் கயிறு மாதிரி விறைக்கும். செல்லசாமி கடைக்குப் போன் போட்டு, அந்த வெள்ளை நூலில் ஒரே ஒரு பந்து கிடைக்குமா என்று கேட்டாள். திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வந்தால்தான் என்றார் அவர்.

"கடைசியா வந்த எட்டையும் நீதானே தங்கச்சி கொண்டு போன. அதை என்ன, தின்னுட்டியா?"

போனை வைத்துவிட்டு அவள் ஐந்தாவது பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அதைத் தொடவில்லை. திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

அப்போதுதான் இராமையா வந்தார். வியாழக்கிழமை சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டத்தில் அவர் பேரும் இருந்தது. சுவெட்டருக்காக இரண்டு வாரமாக நடக்கிறார்.

"என்னா பூரணி, இது முடியறதுக்குள்ள மலை கீழ எறங்கி வந்துரும் போலயே."

உட்காருங்கண்ணே என்று சொல்லிவிட்டு, முதல் பையை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே கழுத்து வரியைக் கட்டி முடித்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இராமையா சுவெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அளவு கச்சிதம். கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த மற்றப் பைகளைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா பாக்கி? இதுக்கா என்னைய அஞ்சு தடவை நடக்க வச்ச?"

பூரணி குனிந்து நூல் துண்டைப் பொறுக்கினாள்.

"சும்மா டீ குடிக்க வாங்கண்ணேன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமலே படியிறங்கிப் போனார்.

அந்தக் கோப்பையில் ஆவி அடங்கும்வரை பூரணி அப்படியே நின்றாள். பிறகு தலையணை உறையை இறக்கினாள்.

கோட்டை மடியில் விரித்தாள். அடியில் ஆவணி மாதம். நெஞ்சுக்கு மேலே ஐப்பசியில் விழுந்து எடுத்த ஏழு கண்ணியின் இடம். வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். கட்டி முடித்த துணியாக இருந்தால் முடிச்சைத் தேடி, கத்தரித்து, பிரித்து எடுக்க அரை நாள் ஆகும். இது கட்டாத துணி. ஊசியை உருவினாள். கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. நூல் நுனியைப் பிடித்து இழுத்ததும் சரசரவென்று வந்தது. கழுத்து போனது, தோள் போனது. வேண்டிய நூல் கொஞ்சம்தான், நெஞ்சோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சத்தை வைத்திருந்தால் அதைச் சாக்காக வைத்து மறுபடி காத்திருக்கத் தொடங்கிவிடுவோம் என்று பயந்து, அடிவரைக்கும் இழுத்தாள்.

சுருண்டு கிடந்த நூலைக் கேத்தல் ஆவியில் காட்டி நீவி, மெல்லிய குடைக்கம்பியில் கண்ணி ஏற்றினாள். முதல் தொப்பி இறுகிப்போயிற்று. அவள் பின்னலில் அது நடந்து பல வருடம் ஆகிறது. கழற்றிவிட்டு, கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். செம்பில் போட்டுப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் பக்கத்துக் காம்பரா வேலாயி அவள் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு, பிள்ளை வீடு வந்து சேரட்டும், அதுவரை கடைசி வரியைக் கட்டாதே என்றாள். அவள் சொன்னதும் நல்லதுக்குத்தான். ஆனால் கட்டாத தொப்பியை எந்தத் தலையில் போடுவது? வீட்டுக்குள் வந்து விளக்கேற்றுவதற்கு முன் கட்டினாள். காலுக்கு மேஸ் இரண்டும் படுக்கப் போவதற்குள் முடிந்தன. அவள் கட்டை விரலுக்குப் போட்டால் சரியாக இருக்கும்.

காலையில் அவற்றை வெந்நீரில் அலசி அடுப்புக்கு மேலே காயவைத்து, சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பள்ளிக்கூட நீலத்துக்காக வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்கு அது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

வார்டு வாசலில் மிஸ்ஸிடம் வந்த காரியத்தைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். உள்ளே விட முடியாது, தாயை வரச் சொல்கிறேன் என்று சைகையோடு சொல்லிவிட்டுப் போனார். பிரேமினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நேரே பூரணியின் தோளில் நெற்றியை வைத்தாள். பிறகு அவள் கையில் இருந்த சின்னப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கோட்டு எங்கக்கா?"

"அதைக் கழட்டிட்டேன் புள்ள. வேற நூல் இல்ல."

நாலு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது எவ்வளவு நூல் என்று தெரியும்.

"அப்ப சித்திரைக்கு?"

"சித்திரைக்கு வந்தா டீ இருக்கும்," என்றாள் பூரணி. "நீ முதல்ல உள்ள போ. புள்ளைக்குத் தலை குளிரும்."

பொட்டலத்தைப் பிரித்தாள். தொப்பியை உள்ளங்கையில் வைத்து, இரண்டு மேஸையும் அதற்குள் போட்டு, இன்னொரு கையால் மூடியபடி பிரேமினியின் கைக்குள் மாற்றினாள்.