கிண்டி பிடிச்ச கை

அம்பது தாண்டியும் எனக்கு ஒழுங்காச் சோறு திண்ணத் தெரியாது. கலியாண வீட்டுல ஆறு பேர் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுத்தி இருந்தா, எனக்குப் பக்கத்துல இரிக்கிறவர் சாரத்தை இழுத்து ஒதுக்கிக்குவார். பொறந்தது இடக்கைக்காரனா. திண்ணப் பழக்கினது வலக்கையால. சோறு விழுறது பாயில.

சின்ன வயசுல இதுக்கு எனக்கொரு இங்கிலீஷ் பேரே இருந்திச்சு. எங்கட மாமா சம்மாந்துறைப் பக்கம் இங்கிலீஷ் படிப்பிச்சவர். அவர்ட வெள்ளைச் சேட்டுல நான் தேத்தண்ணியக் கொட்டின அண்டைக்கு, "காக்-ஹேண்டட்" எண்டார். அது என்ன மாமா எண்டு கேட்டன். "ஒன்னப்போல ஆக்களுக்கு வெள்ளைக்காரன் வச்ச பேர்" எண்டார். வெள்ளைக்காரன் எனக்குப் பேர் வச்சிரிக்கான் எண்டு நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடிச்சன்.

பொறவு ராத்தாட கலியாணம் வந்திச்சு. எங்கட பக்கம் மாப்பிள்ளை பொண்ணூட்டுக்கு வந்து இறங்கினா, வாசல்ல வச்சுப் பொண்ணுட தம்பி கால் கழுவி உடணும். அதுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். தம்பி எண்டு இருந்தது நான் ஒருத்தன்தான்.

உம்மா கிணத்தடியில வச்சு, மூக்கு வச்ச பித்தளைக் கிண்டியால தண்ணி ஊத்தப் பழக்கினா. கழுவக் கால் இல்லாததால வாழைமரத்தைக் கழுவினன். அந்தக் கிழமை அது மாதிரிச் சுத்தமான வாழை கல்முனையிலயே இல்ல.

கலியாணத்தண்டு ராத்தா அறைக்குள்ள கூப்பிட்டா. சோடிச்ச முகத்துல பயம். "இண்டைக்கு மட்டும் வலக்கை மனே. இல்லாட்டி மாப்பிள்ளையூட்டுப் பொண்டுகள் காலம் முழுக்க என்னக் குத்திக் காட்டுவாளுகள்."

"ஓம் ராத்தா" எண்டன்.

கார் வந்து நிண்டிச்சு. வாசல்ல தண்ணி ஓடுற கானுக்கு மேல போட்டிருந்த பலகையில மாப்பிள்ளை ஏறி நிண்டார். வாழைமரம் அசையாது, இவர் விரலை அசைச்சார். அதைப் பாத்ததும் என்ட வலக்கையில இருந்து வழுக்கி, கிண்டி தண்ணியோட அவர்ட காலுல விழுந்திச்சு. அவர் "உம்மா" எண்டு முனகினார். நான் யோசிக்கிறதுக்கு முன்னமே இடக்கை கிண்டிய எடுத்து, மிச்சத் தண்ணிய ஊத்தி, காலை வடிவாக் கழுவி முடிச்சிட்டுது.

"இடக்கையாலயா? என்ன புள்ள இது?" எண்டா மாப்பிள்ளைட மாமி. மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டு என்ட இங்கிலீஷ் பேரைச் சொன்னார். சன்னலுக்குள்ள ராத்தாட கண் கலங்கிச்சு.

மாப்பிள்ளை இடக்கையால பைக்குள்ள இருந்து வெள்ளி மோதிரத்தை எடுத்தார். என்ட ஈரக்கையப் பிடிச்சு, எல்லாரும் பாத்திருக்க, அந்த இடக்கை விரல்லயே போட்டு உட்டார். மாமி வாயை மூடிக்கிட்டா. அவர் நொண்டிக்கிட்டு உள்ளுக்குப் போனார்.

அண்டு சஹன்ல அவருக்குப் பக்கத்துல என்னை இருத்தினாங்க. எனக்கு முன்னால எவ்வளவு சோறு சிந்திச்சோ, அவருக்கு முன்னாலயும் அவ்வளவு. புது மாப்பிள்ளை, வெக்கம் எண்டு நினைச்சன்.

கனகாலத்துக்குப் பொறவு ஒரு பெரிய அகராதியில என்ட பேரைத் தேடினன். காக் எண்டா பீயாம். நம்மட புள்ளைகள் சொல்ற கக்காக்குச் சொந்தம் போல. கழுவுற கை இடக்கை எண்டதால அந்தப் பேர் வந்திச்சு எண்டு சிலர் சொல்றாங்களாம். கடதாசியால துடைக்கிறவனும் இதைத்தான் நினைச்சிரிக்கான்.

அதை மச்சானுக்குச் சொல்லிச் சிரிச்சிட்டு, கனநாளா மனசுல கிடந்ததைக் கேட்டன்: "அண்டைக்கு என்ட மானத்தைக் காப்பாத்தத்தானே மச்சான் இடக்கையால போட்டீங்க?"

"ஒன்ட மானமா?" எண்டார். "வலக்கையால போட்டிருந்தா மோதிரம் கானுக்குள்ள போயிரிக்கும்டா."