செங்கல் பொடியில் தேய்ந்த நம்பர்

வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், ஒரே ஒரு தடவைதான் லீவில் பொன்னமராவதிக்கு வந்தார். எல்லோரும் சேலை வாங்கி வருவார்கள். இவர் ஒரு பித்தளை விளக்கைத் தூக்கி வந்தார். கண்ணாடிக்கு மேலே கம்பிவலைக் குழாய், தலையில் கொக்கி. சுரங்கத்துக்குள் வாயு பற்றிக்கொள்ளாமல் எரிகிற விளக்காம். கண்ணாடி விரிசல் விட்டதால் கழித்துப் போட்டதை, கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"தெறந்து எண்ணெ ஊத்துங்க, கார்த்திகைக்கு ஏத்தலாம்" என்றேன்.

"பூட்டிருக்கு. உள்ள எறங்குற நாங்களே தெறக்க முடியாது. சும்மா வச்சுக்க, இத்தன நாளு என் கூடவே கெடந்தது."

போனவர் போனவர்தான். ஆறு மாதம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. சுரங்க ஆபீசுக்கு எழுதிப்போட்டேன். இந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், டோக்கன் நம்பர் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. பெண்டாட்டியிடம் நம்பர் சொல்லிவிட்டா போவார்கள்? இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு என் முன்னால் வந்து தயங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நானே எடுத்து வைத்துக்கொள்வேன்.

பேச ஆளில்லாத வீட்டில் அந்த விளக்கோடுதான் எனக்குப் பேச்சு. வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பேன். அடிவளையத்தில் கரியேறிய சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அழுக்கென்று நினைத்து அங்கேதான் அழுத்தித் தேய்ப்பேன்.

பத்து வருஷம் கழித்து, பழைய சாமான் வாங்கி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற வியாபாரி ஒருவர் வந்தார். விளக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்கக்கா?"

"என்ன நம்பரு?"

"ஆளோட டோக்கன் நம்பரத்தான் வெளக்குலயும் வெட்டியிருப்பாங்க. சாயங்காலம் எந்த வெளக்கு திரும்பலையோ, அந்த ஆளு உள்ள மாட்டிக்கிட்டான்னு அர்த்தம். நம்பர் இருந்தாத்தாங்க நல்ல வெல போகும்."

"ஒன் வெலயும் வேணாம் ஒண்ணும் வேணாம், போய்யா!" என்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்தார்? என் விரலாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டது நான்தான்.

கதவைச் சாத்திவிட்டு வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு மூன்றோ ஏழோ கையில் தட்டுப்படாதா என்று அழுதேன். வழவழவென்றிருந்த பித்தளையில் என் முகம்தான் தெரிந்தது, நெற்றியில் குங்குமத்தோடு.