மரமீனுக்கும் செவுள் பார்ப்பவர்

பால்கெண்டையின் வாலைப் பிடித்துத் தூக்கி, வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி, ஒட்டியிருக்கும் உப்பை உதறுவதுபோல ஓர் உதறு உதறிவிட்டுத்தான் சந்தைக்காரி வாகியெம் அதைப் பலகையில் வைப்பார். மீனோ ஜெபாரா ஊர் ஆசாரி மரத்தில் செதுக்கி வார்னிஷ் பூசியது. எதிரே நிற்கும் ஜகார்த்தாப் பெண்ணிடம் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறார்: "காலைலதான் வந்துச்சு கண்ணு. தொட்டுப் பாரு, எப்படி வெறைப்பா இருக்கு!"

பொய் என்று சொல்ல முடியாது. காலையில்தான் வந்தது, மோட்டார் சைக்கிளில்.

செமாராங்கின் லெங்கொங் சந்தையில், மூன்றாவது தூணடியில் இவர் கருவாடு விற்ற காலத்தில் இவருடைய குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். இடிக்கவிருந்த சந்தையை ஓர் அறக்கட்டளை எடுத்து, கூரை மாற்றி, கலைச்சந்தை ஆக்கிவிட்டது. இறைச்சிக் கூடத்தில் இப்போது ஓவியங்கள் தொங்குகின்றன. கருவாட்டு நாற்றம் ஆகாது, மரமீன் விற்கலாம் என்றார்கள். மற்ற வியாபாரிகள் முறைத்துக்கொண்டு புதுச் சந்தைக்குப் போனார்கள். இவர் போகவில்லை. "கருவாடு போனாப் போகுது. அந்தத் தூணை விட்டா எனக்கு ஒக்காரவே தெரியாது."

நாற்றம் போனது, வாய் போகவில்லை. அங்கேதான் தகராறு. எல்லாப் பொருளிலும் விலை ஒட்டியிருக்கும், பேரம் கூடாது என்பது சட்டம். ஒட்டிய விலையை யாராவது மறுபேச்சில்லாமல் நீட்டினால் இவருக்கு முகம் வாடிவிடும். "எம்மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை பேசாமக் குடுத்துட்டுப் போறியே!" பிறகு இரண்டு பக்கத்துக்கும் இவரே பேசுவார். "அறுபதாயிரம் ரூபியான்னு போட்டிருக்கு. நீ முப்பதுன்னு கேளு. நான் உன்னைத் திட்டுறேன். அப்புறம் ரெண்டு பேரும் நாப்பத்தஞ்சுக்கு வருவோம்."

நிர்வாகி பாயு, கட்டடக் கலை படித்த இளைஞர். பழைய ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் காப்பாற்றிய நல்ல மனிதர்தான். 'இங்கே ஒரு காலத்தில் பேரம் பேசும் குரல்கள் ஒலித்தன' என்று சுவரில் அழகான பலகையும் எழுதி மாட்டியிருக்கிறார். வாகியெம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாரு செத்துட்டாங்க தம்பி?" என்று கேட்டார். பாயுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு முறை எச்சரித்துவிட்டார். இன்னொரு தடவை பேரம் பேசினால் தூணடி காப்பிக் கடைக்குப் போய்விடும்.

போன வியாழக்கிழமை அறக்கட்டளைத் தலைவி சுலஸ்த்ரி அம்மா பார்வையிட வந்தார். பாயு அவருக்கு முன்னால் ஓடிவந்து வாகியெமிடம் கெஞ்சினார். "இபு, தாயே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"நான் வாயைத் தெறந்தா ஏன்னு கேளு."

சொன்னபடியே உதட்டை இறுக்கிக்கொண்டு, வயிற்றுவலிக்காரி போல உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து விற்பனையும் இல்லை. தலைவி பால்கெண்டையை எடுத்தார். விலைச் சீட்டைப் பார்த்தார். செதுக்கிய செவுளை விரலால் நெம்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"நேத்து மீனுல்ல இது? இருபதுக்குக் குடு."

வாகியெமுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு மனுஷியைப் பார்த்து! ஆனாலும் வாய் திறக்காமல் பாயுவைப் பார்த்தார். பாயு தலைவியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். பிறகு மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி, தானே எழுதிய பலகையை முதன்முறை பார்ப்பவர்போல வாசிக்கத் தொடங்கினார்.

"இருபதா! மீனுக்குக் கேக்குறியா, செதிலுக்குக் கேக்குறியா? ஒன் வீட்டுப் பூனைகூட இந்த வெலைக்கு நம்பாதுடி!"

ஓவியம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். இருவரும் கையை ஆட்டி, போகிறேன் என்று போய், திரும்பி வந்து, முப்பத்தெட்டாயிரத்தில் முடித்தார்கள்.

அன்றைய முதல் போணி. அந்த ஊர்ச் சந்தைப் பெண்கள் எல்லாரும் செய்வதுபோல, வாங்கிய நோட்டுகளால் ஒவ்வொரு மரமீனையும் தட்டினார் வாகியெம்: "வித்துப்போ, வித்துப்போ." தூணையும் தட்டினார். பிறகு எழுந்து போய், இன்னும் சுவரைப் பார்த்து நின்ற பாயுவின் தோளிலும் இரண்டு தட்டுத் தட்டினார்.