அண்ணி அடித்துக் கொடுத்த நிரல்

ரேணிகுண்டா சாலை வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் ஸ்கூட்டி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு விட்டுப்போயிருந்தது. புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார்கள். மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இறுக்கிச் சுற்றிய கட்டு. கட்டியவர், "வெயிட்டு தூக்காதே, டைப்பு அடிக்காதே" என்றார். கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் பார்த்துத்தான் இரண்டாவதைச் சேர்த்திருக்க வேண்டும்.

நான் திருப்பதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் நிரல் எழுதுகிறவள். அப்போது கையில் இருந்தது ஒரு கண் ஆஸ்பத்திரி வேலை. காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரை. டாக்டர் மேஜையில் சின்னதாய் ஒரு பெட்டி. டாக்டர் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அடுத்த டோக்கன் எண் திரையில் வர வேண்டும், கூடவே தெலுங்கிலும் தமிழிலும் ஒரு வரி. பெட்டிக்குள் ஓடும் நிரல் சி மொழியில், திரையில் ஓடுவது பைத்தானில். தொடங்கி வைத்தவர் வேலையை விட்டு பெங்களூர் போய்விட்டார். மீதியை முடிப்பது என் பொறுப்பு. கட்டுப் போட்ட கையை முதலாளியிடம் காட்டினேன். "பர்வாலேதம்மா, இன்ட்லோனே செய்யி" என்றார். வீட்டிலிருந்தே செய்தால் போதுமாம்.

விடுதியில் ஒற்றைக் கையோடு துணி துவைக்க முடியாது. சித்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஒரு கையால் அடிக்கும்போதுதான் மொழிகளின் உடம்பு தெரிந்தது. அதுவரை சி, பைத்தான் எல்லாம் எனக்குக் கண்ணால் படிக்கும் விஷயம். இப்போது விரலால் தெரிந்துகொண்டேன். சியில் ஒவ்வொரு பகுதியையும் நெளிந்த அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அதற்கு ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே வலது ஓரத்துக்குக் கையை நீட்ட வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அரைப்புள்ளி. அதுவும் வலது சுண்டுவிரலின் இடத்தில். பைத்தானில் இரண்டும் கிடையாது. வரி முடிந்தால் முடிந்தது. எது எதற்கு உள்ளே அடங்கும் என்பதை வரிக்கு முன்னால் விடும் வெற்றிடமே சொல்லிவிடும். ஒரே வேலையைச் சொல்ல ஒரு மொழியை உண்டாக்கியவர் குறியை நம்பினார், இன்னொன்றை உண்டாக்கியவர் இடைவெளியை நம்பினார். ஏன் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

நான் படும் பாட்டை அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதும் ஒருவரிடம் டைப்பிஸ்ட் வேலை அவருக்கு. காட்பாடியில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் அங்கே இங்கிலீஷ், தமிழ் இரண்டு டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணியவர். சித்தூர் வந்தபிறகு தெலுங்கையும் சேர்த்துக்கொண்டார். சாவிகளைப் பார்க்கவே மாட்டார்.

"நவுரும்மா. நீ சொல்லிக்கினே வா, நான் அடிச்சிக்கினே வரேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது பத்திரம் மாதிரி இல்ல அண்ணி. ஒரு புள்ளி தப்பானாலும் ஒத்துக்காது."

"பத்திரத்துல மட்டும் ஒத்துக்கறாங்களா?"

முதலில் சி பகுதி. நெளிந்த அடைப்புக்குறிக்கு எங்களிடம் பெயர் இல்லை. அண்ணி அதற்கு 'மீசை' என்று வைத்தார். "மீசை திற, மீசை மூடு" என்று நான் சொல்ல, அவர் அடித்தார். அரைப்புள்ளிக்கு டைப்ரைட்டிங் வகுப்பிலேயே செமிகோலன் என்று பழகியிருந்தார். ஆனாலும் ஒரு வரியில் விட்டுப்போனது. கம்பைலரிடம் கொடுத்தேன். நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. அது திரை முழுக்கப் புகார்களைக் கொட்டியது. முதல் புகாரே விட்டுப்போன வரியைக் காட்டாமல் அதற்கு அடுத்த வரியைக் காட்டியது.

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது? அந்த வரியில நான் சரியாத்தானே அடிச்சிருக்கேன். தப்பு மேல இருக்குது, கீழ இருக்கறதத் திட்டுது."

"அடுத்த வார்த்தையைப் பார்த்தப்புறம்தான் அதுக்குச் சந்தேகம் வருது அண்ணி. அது வரைக்கும் அந்த வாக்கியம் நீண்டுக்கினே போகுதுன்னு நெனச்சிக்கினு இருக்கும்."

"அப்ப மத்த தப்பெல்லாம்?"

"முதல் தப்புல குழம்பிப் போய் பாக்கறதெல்லாம் தப்பாத் தெரியுது."

என் கணினியில் வேறொரு கம்பைலரும் இருந்தது. அண்ணிக்காகவே அதே கோப்பை அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். அது ஒரே ஒரு புகார் சொன்னது. சரியான வரியை எடுத்துப் போட்டு, அரைப்புள்ளி வர வேண்டிய இடத்துக்கு நேர் கீழே ஒரு சின்ன அம்புக்குறியும் வைத்தது. மொழி ஒன்றுதான், விதிகளும் ஒன்றுதான். படிப்பவர் இரண்டு பேர். ஒருவர் கத்தினார், ஒருவர் விரலால் தொட்டுக் காட்டினார். நான் இரண்டையும் வருஷக்கணக்காகப் பயன்படுத்தியவள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இவங்ககிட்டயே குடு இனிமே" என்றார் அண்ணி.

அடுத்த நாட்களில் பைத்தான் பகுதி. அண்ணி வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் கொஞ்சம், திரும்பி வந்து டீ குடித்தபிறகு கொஞ்சம் என்று ஓடியது. இங்கே அவருடைய பழக்கமே எதிரியானது. பத்தி தொடங்கும்போது ஐந்து இடம் தள்ளி அடிப்பது அவர் விரலில் ஊறியது. சி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பைத்தான் முதல் வரியிலேயே மறித்தது. "இடம் உட்டதுக்கெல்லாமா?" என்றார். பிறகு நான்கு இடம் என்று பழகிக்கொண்டார்.

திரையில் வரும் ஜன்னலுக்கு, முன்பு இருந்தவர் ஒரு கருவித்தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தார். ஜன்னல், பொத்தான், எழுத்துப் பட்டை எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துத் தரும் தொகுப்பு. அவர் எடுத்தது விளையாட்டு நிரல் எழுதுகிறவர்கள் விரும்புவது. வேகமானது, எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்வது. 'கொஞ்சம் பொறுங்கள்' என்ற வரியை அண்ணி அடித்தார். ஓட்டினோம். திரையில் வந்ததைப் படிக்க முடியவில்லை. க முதலில் நின்றது. அதற்குப் பின்னால் கொம்பு, அதற்கும் பின்னால் கால். தெலுங்கு வரியில் கூட்டெழுத்துகள் எல்லாம் பிரிந்து தனித்தனியாக நின்றன.

"நான் சரியாத்தான் அடிச்சேன்" என்றார் உடனே.

"தெரியும் அண்ணி. டைப்ரைட்டர்ல கொ எப்படி அடிப்பீங்க?"

காற்றில் விரலை அசைத்துக் காட்டினார். "கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசை."

"கம்ப்யூட்டர் உள்ள அப்படி வெச்சிக்காது. க முதல்ல, ஒ சத்தம் அதுக்கப்புறம். காதுல விழற வரிசை. அதைக் கண்ணுக்கு ஏத்த மாதிரி யாராவது மாத்தி அடுக்கணும்."

"யாரு அடுக்கறது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு முழு விடை தெரியவில்லை. அன்று மத்தியானம் முழுக்கத் தேடினேன். சில தொகுப்புகள் எழுத்தை வரையும் முன், அடுக்குவதற்கென்றே இருக்கும் ஒரு தனிப் பகுதியிடம் அனுப்புகின்றன. சில, அந்த வேலையை இயங்குதளத்திடமே விட்டுவிடுகின்றன. எங்களிடம் இருந்தது யாரையும் கேட்கவில்லை. எழுத்துருவில் இருந்த படங்களை வந்த வரிசையிலேயே ஒட்டியது. ஆங்கிலத்துக்கு அது போதும். அதை எழுதியவர்களுக்குக் கொம்பு என்ற ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

வேறு தொகுப்புக்கு மாறினோம். எழுத்து அழகாக வந்தது, ஆனால் மற்ற எல்லாம் மாறியது. பழையதில் இத்தனை புள்ளி தள்ளி, இத்தனை புள்ளி கீழே என்று அளந்து வைக்க வேண்டும். புதியதில் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவிட்டு, இடத்தை அதுவே பங்கிட்டுக்கொள்ள விட வேண்டும். பழையதில் திரையை நாம்தான் ஓயாமல் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். புதியதில் ஏதாவது நடந்தால் அதுவே நம்மைக் கூப்பிடும். அதுவரை சும்மா இருக்கலாம். ஜன்னல் பகுதி எல்லாவற்றையும் அண்ணி மறுபடி அடித்தார். முணுமுணுக்கக்கூட இல்லை. பெட்டியிலிருந்து எண்ணை வாங்கும் பகுதியும் புதிது. வந்த எண்ணை எடுத்துத் திரைக்குக் கொடுக்கும் சின்னப் பகுதியை மட்டும் பெங்களூர் போனவர் எழுதியபடியே வைத்துக்கொண்டோம். வீட்டில் டாக்டர் பெட்டி இல்லாததால் ஜன்னலை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். முதல் எண் பளிச்சென்று வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓட்டிப் பார்க்கும் நாளில் திருப்பதிக்கு அண்ணியும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். கூடம் நிறைய ஆட்கள். டாக்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒன்று. பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து உள்ளே போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். டாக்டர் மறுபடி அழுத்தினார். எண் வந்ததற்கான மணி அடித்தது. திரையில் ஒன்று. பெரியவர் மறுபடி எழுந்தார். மூன்றாம் தடவையும் அதே. "இன்னும் இன்னா பாக்கணுமாம்?" என்று கேட்டுக்கொண்டே கதவு வரைக்கும் போய்விட்டார். நர்ஸ் அவரைப் பிடித்து உட்கார வைத்து, மற்றவர்களை வாயால் கூப்பிடத் தொடங்கினார்.

எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. பெட்டி எண்ணை அனுப்பியது, நிரல் வாங்கியது. எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். வந்த எண்ணை வைத்துக்கொள்ளும் இடத்துக்கு, பெங்களூர் போனவர் 'ரிசீவ்டு' என்று பெயர் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் ஐ, ஈ இரண்டையும் இடம் மாற்றி, தப்பான எழுத்தில். அதே தப்போடுதான் நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அண்ணி அதைத் திருத்தி அடித்திருந்தார்.

"இது நீங்க மாத்தினீங்களா?"

"தப்பு இருந்துச்சி, சரி பண்ணேன். நீ கவனிக்கலைன்னு நெனச்சேன்." முகம் சுருங்கியது. "சரியாப் போட்டதா தப்பு?"

"சரி தப்பு அதுக்குத் தெரியாது அண்ணி. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். அவ்ளோதான்."

திருத்திய பெயரைப் பைத்தான் புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் புது இடம் ஒதுக்கி, வந்த எண்களை எல்லாம் அங்கே போட்டிருக்கிறது. திரை பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே தொடக்கத்தில் போட்டு வைத்த ஒன்று மட்டும்தான் இருந்தது. பெயரை எல்லா இடத்திலும் சரியான எழுத்துக்கே மாற்றினேன். அடுத்த எண் வந்தது. பெரியவர் திரையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

சித்தூர் பஸ் காணிப்பாக்கம் கூட்ரோட்டை நெருங்கியது. அண்ணி திடீரென்று, "மீசை வெச்ச மொழியில இதே மாதிரி பண்ணியிருந்தா?" என்றார்.

எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சி நிரலில் ஒரு பெயரை வேண்டுமென்றே ஒரு இடத்தில் மட்டும் மாற்றினோம். கம்பைலர் ஓடவே விடவில்லை. இந்தப் பெயரை யாரும் எனக்கு அறிமுகம் செய்யவில்லை என்று அங்கேயே நிறுத்திவிட்டது.

"அப்ப இதுதான் நல்லது."

"ஒரு பேரைக் கூட முன்கூட்டியே சொல்லாம வைக்க விடாது. அது என்ன வகைன்னும் எழுதிக் குடுக்கணும். அவசரத்துக்கு ரெண்டு வரி எழுதணும்னா பைத்தான்தான்."

அண்ணி யோசித்தார். "எந்தப் பேரா இருந்தாலும் ஒண்ணா இருந்தாப் போதும்னியே, தமிழ்ல வெச்சா?"

பைத்தானில் 'வரிசை' என்று ஒரு பெயர் அடித்தார். மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. சியில் அடித்து, சின்ன அம்புக்குறி வைக்கும் கம்பைலரிடம் கொடுத்தோம். அதுவும் ஏற்றுக்கொண்டது. கத்தும் கம்பைலரில் என்னிடம் இருந்தது பழைய பதிப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று மூன்றாகப் புகார்களை அடுக்கியது.

"ஒரு வ-வுக்கு மூணு தப்பா!" அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஒரு தமிழ் எழுத்தைச் சேமிக்க உள்ளே மூன்று துண்டு இடம் வேண்டும், அது துண்டு துண்டாகப் படிக்கிறது என்று விளக்கினேன். அப்படியானால் தெலுங்குக்கு எத்தனை என்று கேட்டார். அடித்துப் பார்த்தோம். அதற்கும் மூன்று. கன்னடத்துக்கு எத்தனை என்று அவர் கேட்டபோது, அண்ணன் உள்ளேயிருந்து, "சாப்பாடு போடுவாங்களா மாட்டாங்களா இந்த வீட்டுல?" என்று குரல் கொடுத்தார்.

"குண்டான்ல இருக்குது, போட்டுத் துன்னு" என்றார் அண்ணி, திரும்பாமல்.