அறுபத்து நான்காவது பெயர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. 2009ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை, பின்னேரம் நாலு நாற்பதுக்கும் ஐந்து பத்துக்கும் இடையில் எனக்கு நடந்தது இது. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. நித்திரை முழிப்பும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு நேரே வந்தவள். கால்தான் நொந்தது, மூளை நன்றாகத்தான் இருந்தது.

என் பெயர் மேரிசாந்தி. லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிறோம். எங்கள் தமிழ்ப் பூசைக்கு, தேம்ஸ் ஆற்றோரத்தில் இருந்த ஒரு பழைய ஆங்கிலேயத் தேவாலயத்தை இரவல் தந்திருந்தார்கள். நவம்பர் இரண்டு, மரித்த ஆத்துமாக்கள் திருநாள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதித் தரும். நான் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பூசையில் வாசிப்பேன். என் குரல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறவர் வரைக்கும் கேட்கும். வீட்டில் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும் என்று என் மனிசன் சவிரிமுத்து பகிடி பண்ணுவார்.

அந்த வருடம் அறுபத்து மூன்று பெயர்கள். அறுபத்து நான்காவதாக ஒன்றை எழுதுவதா, விடுவதா என்பதுதான் என் யோசனை. என் தம்பி நிர்மலன். ஏப்ரல் மாதம் வன்னியில் இருந்து ஒரே ஒரு தடவை போனில் கதைத்தான். "அக்கா, பிறகு எடுக்கிறன்" என்றான். எடுக்கவேயில்லை. சண்டை முடிந்து ஐந்தரை மாதம். உயிரோடு இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, இல்லையென்றும் தகவல் இல்லை.

"எழுதிப் போடும், சாந்தி," என்று காலையில் சவிரிமுத்து சொன்னார். "அவன்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசையாவது கிடைக்கட்டும். எத்தினை நாளைக்கு இப்பிடிப் போனைப் பாத்துக்கொண்டு இருப்பீர்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் காத்திருந்து காத்திருந்து நானும் களைத்துப் போயிருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நாலு நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன். வெளியே இருட்டிவிட்டது. பூசை ஏழு மணிக்கு. உள்ளே யாருமில்லை. லைட்டைப் போட்டதும் முதலில் வந்தது வாசம். புகையிலை. சிகரெட் புகை இல்லை, காயப்போட்ட பச்சைப் புகையிலை. யாழ்ப்பாணத்தாளுக்கு அந்த வாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லண்டனில் இது எங்கேயிருந்து வருகிறது?

கடைசி வாங்கு ஈரமாக இருந்தது. அன்று மழையும் இல்லை. யாரோ கழுவிவிட்டுத் துடைக்காமல் போய்விட்டார்கள் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். பிறகு பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் தாளை விரித்தேன். அறுபத்து மூன்று பெயர்களுக்குக் கீழே எழுதினேன்.

நிர்மலன்.

பார்க்க முடியாமல் எழும்பிப் போய் மெழுகுதிரிகளை அடுக்கினேன். திரும்பி வந்தபோது நாலு ஐம்பத்தாறு.

தம்பியின் பெயர் இல்லை. அந்த இடத்தில் மட்டும் தாள் ஊறிக் கரைந்திருந்தது. மற்றப் பெயர்கள் எல்லாம் காய்ந்து, சுத்தமாக இருந்தன. அண்ணாந்து பார்த்தேன். கூரை ஒழுகவில்லை.

ஒன்றை யோசியுங்கள்... நான் எழுதியது போல்பொயின்ட் பேனையால். அது தண்ணீரில் கரையாது.

சரி, மெழுகுதிரி அடுக்கின கைவியர்வைதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, கொஞ்சம் கீழே மறுபடி எழுதினேன். போன் அடித்தது. சவிரிமுத்து.

"எழுதிட்டீரோ?"

"ஓம்."

"ஆர் பக்கத்தில அழுகினம்?"

"ஒருத்தருமில்லை. நான் தனிய."

"இல்லை... ஒரு பொம்பிளை அழுகிற சத்தம் கேக்குது, சாந்தி."

போன் கட்டாகிவிட்டது.

மணி ஐந்து நாலு. குனிந்து தாளைப் பார்த்தேன். இரண்டாந்தரம் எழுதிய தம்பியின் பெயரும் கரைந்திருந்தது.

பின்னால்...

சளக்.

வெறுங்கால். ஈரக்கால். கல்தரையில்.

சளக்... சளக்...

கடைசி வாங்கில் இருந்து வருகிறது.

யேசுவே! திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் என்னுடைய பிடிவாதம் எனக்குத்தான் தெரியும். பேனையை இறுக்கிப் பிடித்தேன். மூன்றாம் தரம்... 'நி' எழுதினேன்.

புகையிலை வாசம் மூக்கை அடைத்தது.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

கறுத்த கை. மெலிந்த கை. ஐஸ் மாதிரிக் குளிர். அதன் மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த காயம்.

காதுக்குள் ஆங்கிலத்தில் ஒரு குரல்.

"சாகவில்லை."

மணி ஐந்து பத்து.

லைட் அணைந்தது.

திரும்ப வந்தது.

யாருமில்லை. தரையில் மட்டும் ஈரக் காலடிகள். என்னிடம் வந்தவை. திரும்பிப் போனவை இல்லை.

அன்று பூசையில் அறுபத்து மூன்று பெயர்கள்தான் வாசித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சவிரிமுத்துவுக்கு, என் மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைக் காட்டினேன். அதற்குப் பிறகு, எழுதும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த கிழமை சாவியைக் கொடுக்கப் போனபோது, அந்தத் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற டெஸ்மன்டிடம் சொன்னேன். பார்படோஸ்காரர், வயதானவர். சிரிப்பார் என்று நினைத்தேன். "எந்த வாங்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து, அதில் ஒரு பெயரைக் காட்டிக் கதையைச் சொன்னார்.

ஹன்னா. ஆபிரிக்கக் கரையில் சிறுமியாகப் பிடிபட்டவள். தாய் தகப்பன் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்து அடிமை. எசமான் லண்டனுக்குக் கூட்டிவந்தான். ஞானஸ்நானம் பெற்றால் விடுதலை என்று அந்தக் காலத்து அடிமைகள் நம்பினார்களாம். அவளும் இந்தக் கோயிலில் பெற்றாள். எசமானை விட்டு ஓடி, ஒவ்வொரு ஞாயிறும் வந்து கடைசி வாங்கில் இருந்தாள். அடிமையைப் பலவந்தமாக இந்த நாட்டில் இருந்து கப்பலேற்றக் கூடாது என்று அதற்குள் ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது.

எசமான் வேறு வழி கண்டுபிடித்தான். அவளைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டு, காய்ச்சலில் செத்துப்போனாள் என்று ஒரு சவப்பெட்டியைக் கோயிலுக்கு அனுப்பினான். கோயிலில் மரணப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். 1774, நவம்பர் இரண்டு.

"நிலவறையைத் திருத்தும்போது அந்தப் பெட்டியைத் திறந்தோம்," என்றார் டெஸ்மன்ட். "உள்ளே செங்கல்."

ஒரு மாலுமியின் கடிதமும் இருந்தது. அதே நாள், தேம்ஸ் ஆறு கடலில் சேருகிற இடத்தில், வேர்ஜினியா போகிற கப்பலில் கட்டிப்போட்ட ஒரு பெண், தான் சாகவில்லை, சாகவில்லை என்று கத்திக்கொண்டே போனாளாம். யாரும் தேடிப் போகவில்லை. செத்தவளை யார் தேடுவார்? அமெரிக்காவில் அடிமைகள் விடுதலையாக இன்னும் தொண்ணூற்றொரு வருடம் இருந்தது.

2010 பெப்ரவரி. போன் அடித்தது. "அக்கா..."

நிர்மலன்! நான் அழுதது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஒரு முகாமில் வைத்திருந்து, வேறொரு பெயரில் பதிந்து, இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். கதையோடு கதையாக ஒன்று சொன்னான்.

"ஒருநாள் இரவு ஒரு லிஸ்ட்டோட வந்து பேர் வாசிச்சவங்கள், அக்கா. அதில என்ர சொந்தப் பேர் இருந்ததைப் பின்னேரமே மேசையில கண்டனான். பன்ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். பதின்மூண்டாவது நான். ஆனா அந்தப் பேர் மட்டும் தண்ணியில ஊறிக் கரைஞ்சிருந்துது. வாசிக்க ஏலாமப் போச்சு."

"எண்டைக்கு?"

"மரிச்ச ஆத்துமாக்கள் திருநாள் அண்டைக்கு. பத்து நாப்பது இருக்கும்."

அங்கே இரவு பத்து நாற்பது என்றால் லண்டனில் பின்னேரம் ஐந்து பத்து.

"அந்தப் பன்ரெண்டு பேர்?"

"திரும்பி வரேல்லை, அக்கா."

இப்போதும் பட்டியல் எழுதுவது நான்தான். ஹன்னாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு நவம்பரும் டெஸ்மன்ட் கேட்பார். மாட்டேன் என்றுவிடுவேன். அவள் எங்கே, எப்போது செத்தாள் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. தெரியாமல் நான் யாரையும் அந்தத் தாளில் எழுதுவதில்லை. பூசைக்கு முதல் கடைசி வாங்கைத் தடவிப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் துடைக்காமல் விட்டுவிடுவேன்.