மாசியில் பகல் தூக்கம்

எங்கள் அகத்தில் பகல் தூக்கத்தை யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. என் கணவர் திருப்பதி கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தார். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனால் உச்சி வேளைக்குத்தான் திரும்புவார். சாப்பிட்டதும் கூடத்தில் பாயை விரித்து இருவரும் படுத்துவிடுவோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பழகிய உடம்பு இது.

அவர் தவறிப்போன பிறகும் பழக்கம் போகவில்லை. நான் போகவிடவில்லை என்பதுதான் சரி. பகல் தூக்கத்தில் அவர் வந்துகொண்டிருந்தார். ராத்திரியில் எவ்வளவு நினைத்துப் படுத்தாலும் வராதவர், மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் இறங்கும் நேரத்தில் வருவார். முதலில் கேட் திறக்கும் சத்தம். அப்புறம் பச்சைக் கற்பூர வாசனை. ஈர வேஷ்டியை உதறிக் கொடியில் போடுவார். பேசமாட்டார். "சாப்பிடறேளா?" என்று கேட்க வாயெடுப்பேன், விழிப்பு வந்துவிடும். அதற்காகத்தான் காலையிலிருந்து வேலைகளைத் துரத்தித் துரத்தி முடிப்பேன்.

இந்த வருஷமும் மாசி பிறந்ததும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் ஈரத் துணியைச் சுற்றியது போல ஒரு கனம், எந்நேரமும் ஒரு மந்தம். போன வருஷம் இதே பருவத்தில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைக்கும்படி ஆனது. மறுபடி அப்படி ஆனால் தாங்குவேனா என்று என் மகளுக்குப் பயம். அவள் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டு வந்து, சித்தூரில் ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழி நெடுக மாந்தோப்புகள் பூத்திருந்தன. அந்த வாசனையில் பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணசந்துகொண்டே போனேன். தோப்புகளுக்கு நடுவே அவர் நடந்து வருவது போல இருந்தது.

டாக்டர் சித்தூர்க்காரி, சின்ன வயசு. "குளிர்ல நெய் ஒறஞ்சி கெடக்குது. மாசி வெயில் பட்டா எளகுது இல்ல? உங்க நெஞ்சுல இருக்கிற கபமும் அப்டித்தாம்மா. இப்ப எளகி வந்துக்கினு இருக்குது. நீங்க தயிரு துன்னுட்டு பகல்ல படுத்துக்கினா அது எங்க போவும்?" என்றாள்.

தயிர் கூடாது, வெல்லப் பண்டம் கூடாது, புது அரிசி கூடாது. சுக்கு வெந்நீர் குடிக்க வேண்டும். வெந்நீர் ஆறி வெதுவெதுப்பானதும் தேன் கலந்து காலையில் ஒரு டம்ளர். குளிக்கும் முன் கொள்ளு மாவை உடம்பில் கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்க்க வேண்டும். அதைத் தேய்த்த முதல் நாள் நானே ஒரு வறுத்த வடகம் போல மணத்தேன். பகல் தூக்கம் மட்டும் பங்குனி முடியும் வரை அறவே கூடாதாம். நல்ல வெயில் காலம் வந்துவிட்டால் படுக்கலாமாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை போனபோது சளி அப்படியே இருந்தது. தயிரைத் தொட்டதே இல்லை என்று சாதித்தேன். அறிந்து சொன்ன பொய் இல்லை. கோஷ்டியில் அவரோடு சேவித்தவர் ஒருவர் இன்னும் அவருடைய பங்காகக் கோயில் தத்தியோன்னத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். பிரசாதமாக வந்த தயிர்சாதத்தை எங்களவர்கள் யாராவது தயிரில் சேர்ப்பார்களா? மகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். டாக்டர் சிரிக்காமல், "கோயில் தயிருக்கு வேற மாடாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தெருமுனைப் பூக்காரிக்குக் கொடுத்துவிட்டேன்.

தூக்கத்தை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மகள் விடவில்லை. கடைசியில் காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எனக்கு ஒரு தடவைகூட வரலைம்மா" என்றாள். பிறகு, "ரெண்டு மாசம்தானே? அதுக்குள்ள அப்பா எங்க போயிடப்போறார்?"

அன்றிலிருந்து தினமும் தன் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள், நான் தூங்கிவிடாமல் இருக்க. "அப்பாவைப் பத்தி ஏதாவது சொல்லு" என்பாள். கண் சொருகிக்கொண்டு வரும். சொருகச் சொருகச் சொல்லுவேன். மழையில் அவளைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போகும்போது குடையை முழுக்க அவள் பக்கமே பிடித்துக்கொண்டு, ஒரு தோள் நனைந்து வருவார். காபி ஆறிப்போனால் கோபம், சூடாக இருந்தாலும் கோபம். கோயிலில் அத்தனை கணீரென்று சேவிப்பவர், என்னைக் கூப்பிடும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். சொல்லும்போது பாதி விழிப்பும் பாதி சொப்பனமுமாக இருக்கும். வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறிவிடும்.

உகாதிக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி வேப்பம்பூ பச்சடி கொண்டுவந்தபோது என் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. மாடிப்படி ஏறி, மூச்சு வாங்காமல் நின்று மலையைப் பார்த்தேன்.

சித்திரை பிறந்தது. பாயை வெயிலில் காயப்போட்டு, தலை வாரி, புது விருந்தாளிக்குக் காத்திருப்பவள் போலப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும். லேசான, சுத்தமான, ஒன்றுமில்லாத தூக்கம். சளியோடு சேர்த்து அவரையும் கரைத்து வெளியேற்றிவிட்டாளோ என்று அந்த டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. கொள்ளு மாவு டப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அழுதேன்.

மகள் வழக்கம் போலப் போன் செய்தாள். "அப்பா வந்தாராம்மா?"

"வரலை."

எதிர்முனையில் தட்டுகளின் சத்தம் கேட்டது. "நேத்திக்கு எனக்கு வந்தார்மா. கம்பெனி பஸ்ல கண்ணசந்துட்டேன். பக்கத்து சீட்ல வந்து உக்காந்தார். ஒரு தோள் நனைஞ்சிருந்தது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற பெண்ணிடம் என்ன பொறாமை என்று கேட்டால், இருந்தது.

"ஏதாவது பேசினாரா?" என்றேன்.

"அம்மா சாப்பிட்டாளான்னு கேட்டார்."

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றேன்.