மாத்திரை போடும் சாமி

விசைத்தறி ஓட்டும் தணிகைமணிக்குப் புத்தி பிசகியது ஆடிக் கிருத்திகை அன்று. பைத்தியம் பிடிப்பதற்கும் நேரங்காலம் வேண்டும் அல்லவா? வேறு மாதத்தில், யாரோ துரத்துகிறார்கள் என்று வேட்டி அவிழ்வது தெரியாமல் திருத்தணிக் கடைத்தெருவில் கத்திக்கொண்டு ஓடியிருந்தால் கல்லடிதான் கிடைத்திருக்கும். அன்று தெரு முழுக்கக் காவடி, மஞ்சள் துணி, அரோகரா. அந்தக் கூட்டத்தில் இவரும் ஓடினார். "சாமி வந்துட்சி!" என்று எவனோ கத்த, காலில் தண்ணீர் ஊற்றி, முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டிவிட்டார்கள். மழை வருமா என்று ஒருவர் குறி கேட்டார். "போடா நாயே!" என்றார் தணிகைமணி. சாமி கோபமாக இருக்கிறது என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மனைவி தேவயானி அவரை ரயிலேற்றிச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ஊசி, மாத்திரை, தூக்கம். தெளிந்து திரும்பியதும், இத்தனை நாளாக எங்கே காணோம் என்று தெருவே கேட்டது. "சாமி உத்தரவு, வெரதம் இருந்துட்டு வந்தாரு" என்று தேவயானி அடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இந்த வியாதிக்கு ஊரில் பெயருக்கா பஞ்சம்? லூசு, மெண்டல், அரை மெண்டல், மறை கழண்டது. சர்க்கரை வியாதிக்காரனுக்கு இத்தனை பட்டம் உண்டா? தறிக் கொட்டகையில் நூலை அறுத்தவனையெல்லாம் "டேய் மெண்டலு" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டவரே இந்தத் தணிகைமணிதான். அந்தப் பட்டம் தனக்கே வந்தால் முதலாளி மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாமி என்றாலோ அதே முதலாளி டீ வாங்கிக் கொடுக்கிறார். சரி, சாமியாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விபூதி கொடுப்பார். வந்த தேங்காயில் தேவயானி சட்னி அரைப்பாள். கும்பிட்டவர்கள் போனதும் சாமி கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை போட்டுக்கொள்ளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, தெருக்கோடி ரஞ்சிதம் தன் மகள் பானுப்ரியாவை இழுத்துக்கொண்டு வந்தாள். காலேஜ் படிக்கிற பெண். தலை சீவி எத்தனை நாளாயிற்றோ.

"சாமி, இது தூங்கறதே இல்ல. தனியா பேசிகினே கீது. டாக்டராண்ட கூட்டிகினு போன்னு இதுவே சொல்லுது. போனா மெண்டல்னு பேராயிடும், அப்புறம் எவன் கட்டுவான்? உங்கள மாதிரி இதுக்கும் சாமிதான் வந்துகீதுன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க."

ஒரு சிட்டிகை விபூதியைப் பூசித் தலையாட்டினால் முடிந்தது. தணிகைமணி அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தார். போன ஆடியில் தானும் இப்படித்தான் விழித்திருப்போம் என்று நினைத்தார். அடப்பாவி, உனக்கு மாத்திரை, இந்தப் பொண்ணுக்குத் திருநீறா என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எனக்கு சாமி வரல ரஞ்சிதம்," என்றார். "பைத்தியம் புடிச்சிது. மெட்ராஸ் ஆஸ்பத்திரில மாத்திர குட்த்தாங்க. இன்னும் போட்டுகினுதான் கீறேன்."

தேவயானி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"ஆங், அதத்தான் சொல்லிகினு கீறேன்."

ரஞ்சிதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள். "மெண்டல் கையாலயா இத்தினி நாளா துண்ணூறு பூசிகினேன்?" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். பானுப்ரியா எழவில்லை. தணிகைமணியைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க காதுல யாருங்க பேசுவாங்க?"

"எவனோ ஒர்த்தன். தெலுங்குல திட்டுவான். எனக்கு பாதிதான் புரியும், மீதிக்கு நானே பயந்துக்குவேன். உனக்கு?"

"எங்கம்மா கொரலு," என்றாள். "செத்துப்போ, செத்துப்போன்னு சொல்லிகினே கீது."

ரஞ்சிதம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். பிறகு இரண்டு கையாலும் மகளைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லலடி. அம்மா அப்டி சொல்லவே இல்லடி," என்று அழுதாள். அழுகை நின்றதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தணிகைமணியிடம் திரும்பினாள்.

"காத்தால ரயிலு எத்தினி மணிக்குண்ணா?"